சாஸ்திரியார் பிரித்த பெயர்

மதுரையில் திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர் விளாச்சேரி. கொலுப் பொம்மைக்குப் பெயர் போன ஊர். அங்கே 1870-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் கோவிந்த சிவன். தாயார் லட்சுமி அம்மாள். குழந்தைக்குச் சூரியநாராயணன் என்று பெயர் வைத்தார்கள்.

சிறுவன் தகப்பனாரிடம் வடமொழி படித்தான். மதுரை சபாபதி முதலியாரிடம் தமிழ் படித்தான். வளர்ந்ததும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்து, 1892-ல் பி.ஏ. தேறினார். அங்கேயே தமிழ் ஆசிரியரும் ஆனார்.

மாணவர்களுக்கு அவர் சூரியநாராயண சாஸ்திரியார். தினமும் அந்தப் பெயரைச் சொன்னவர்களில் எத்தனை பேர் அதற்குள் ஒரு சூரியன் இருப்பதை நினைத்திருப்பார்கள்? பழகிய சொல் மனதில் ஒரே கட்டியாகக் கிடக்கும். கற்கண்டை வாயில் போடும்போது கல்லை யார் நினைக்கிறார்கள்? கல்லும் கண்டும் சேர்ந்த சொல்தான் அது. சேர்ந்த இடம் தெரியாமல் ஒட்டிப் போய்விட்டது. பாற்குடம் அப்படி ஒட்டவில்லை. ஏட்டில் பாற்குடம் என்று எழுதினாலும், கோவிலுக்குத் தூக்கிப் போகிறவர்கள் பால்குடம் என்றுதான் சொல்கிறார்கள். பாலும் கண் எதிரே இருக்கிறது, குடமும் தலைமேல் இருக்கிறது. மனம் இரண்டையும் தனித்தனியாகவே வைத்துக்கொள்கிறது.

சாஸ்திரியார் தம் பெயரையே பிரித்துப் போட்டார். சூரியனுக்குப் பரிதி. நாராயணனுக்கு மால். சாஸ்திரிக்குக் கலைஞன். மூன்றையும் திரும்பக் கோத்தார். மாலுக்குப் பின்னால் க வந்ததால் ல் என்பது ற் ஆயிற்று. பரிதிமாற் கலைஞன் என்ற பெயர் பிறந்தது. (பரிதி என்ற சொல்லும் வடமொழி வழி வந்ததே என்பார் உண்டு. பழந்தமிழ் நூல்களிலேயே புழங்கியதால் அது நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது.) தனிப்பாசுரத் தொகை என்ற கவிதை நூலுக்கு இந்தப் பெயரைப் போட்டுக்கொண்டார். நாடகங்களுக்கோ சொந்தப் பெயர்தான்.

1902-ல் ஒரு சோதனை வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதலிய நாட்டு மொழிப் பாடங்களை எடுத்துவிடலாம் என்ற யோசனை எழுந்தது. சாஸ்திரியார் எதிர்த்து நின்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். யோசனை கைவிடப்பட்டது.

தமிழ் மொழியின் வரலாறு என்ற நூலில் அவர் தமிழை உயர்தனிச் செம்மொழி என்று எழுதினார். உயர்வு, தனிமை, செம்மை மூன்றையும் மொழியோடு கோத்த சொல் அது. நாளாவட்டத்தில் முன்பாதி உதிர்ந்தது. 2004-ல் மத்திய அரசு தமிழுக்கு அந்தத் தகுதியைக் கொடுத்தபோது, ஊரெல்லாம் பேசியது செம்மொழி என்றுதான்.

அதைக் காண அவர் இல்லை. காசநோய் பற்றிக்கொள்ள, 1903 நவம்பர் 2-ந் தேதி காலமானார். வயது 33.

2007-ல் அவருக்குத் தபால் தலை வெளியிட்டார்கள். விளாச்சேரியில் நினைவு இல்லமும் இருக்கிறது. இரண்டும் பரிதிமாற் கலைஞர் பெயரில்தான். பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்கிறார்கள். உள்ளே மால் இருப்பதை யாராவது பிரித்துக் காட்டினால்தான் தெரியும்.