சக்கர நாற்காலியில் இருந்தபடி நீச்சல்குளம் அமைத்தவர்

கடந்த ஆண்டு, பல்கலைக்கழக நடன நிகழ்ச்சிக்கான ஒத்திகையில் என் வலது முழங்கால் மடங்கித் திரும்பியது. தசைநார் கிழிந்துவிட்டது, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார் மருத்துவர். மீண்டும் ஆடுவதற்குக் குறைந்தது ஒன்பது மாதங்கள் ஆகலாம் என்றும் சொன்னார்.

ஏழு வயதிலிருந்து பரதம் ஆடுகிறேன். யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது, பெயருக்கு அடுத்து நான் சொல்வது அதைத்தான். வீட்டில் படுத்திருந்த வாரங்களில் காலைவிட மனம் அதிகம் வலித்தது. நடனக் குழுவின் வாட்ஸ்அப் செய்திகளைத் திறக்கவே பயமாக இருந்தது. இரவில் தூக்கம் வரவில்லை. பகலில் எழ மனமில்லை. சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவிடம்கூட எரிந்து விழுந்தேன்.

அப்போது தோழி ஒருத்தி நூலகத்திலிருந்து கனமான ஓவியப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் ஒரு புகைப்படம். வெள்ளைத் தாடியும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு முதியவர் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். கையில் பெரிய கத்தரிக்கோல். காலடியில் வெட்டிப்போட்ட காகிதத் துண்டுகள்.

அவர் பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ். உயர்நிலைப் பள்ளியில் கேட்ட பெயர்தான். ஆனால் அவர் வாழ்க்கையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நடக்க முடியாத அந்த மாதங்களில் தேடித் தேடிப் படித்தேன்.

நோய்ப் படுக்கையில் கிடைத்த வண்ணப் பெட்டி

மத்தீஸ் 1869ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி வட பிரான்சின் லே காத்தோ என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது நெசவாளர்கள் நிறைந்த போஹன் என்ற சிற்றூரில். தந்தை தானிய வியாபாரி. மகன் சட்டம் படித்து நல்ல வேலையில் அமர வேண்டும் என்பது அவரது விருப்பம்.

மகனும் அப்படியே செய்தார். பாரிஸ் சென்று சட்டம் படித்தார், 1888ல் தேர்ச்சி பெற்றார், பின்னர் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அந்த வேலை அவருக்குச் சலிப்பையே தந்தது.

ஏறத்தாழ இருபது வயதில் குடல்வால் அழற்சி அவரைப் படுக்கையில் தள்ளியது. பொழுதைப் போக்க அவருடைய தாயார் ஒரு வண்ணப் பெட்டியைக் கொடுத்தார். அதுவரை ஓவியத்தைப் பற்றி அவ்வளவாக நினைத்திராத இளைஞர், தூரிகையைப் பிடித்ததும் தமக்கான இடத்தைக் கண்டுகொண்டார். தந்தையின் ஏமாற்றத்தையும் மீறி 1891ல் ஓவியம் கற்கப் பாரிஸ் திரும்பினார்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. நோயில் விழுந்தார், மேதையாக எழுந்தார் என்று கதை முடிந்துவிடும்போல் இருந்தது. ஆனால் அப்படி முடியவில்லை. மறு ஆண்டே அரசு கலைப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் அவர் தோற்றார். அங்கு முறையாக இடம் பெற 1895 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அமைதியான படங்கள், அமைதியற்ற மனிதர்

1898ல் அமெலி என்பவரை மணந்தார். படங்கள் விற்கவில்லை. குடும்பத்துக்காக அமெலி தொப்பிக் கடை நடத்தினார். அந்த நெருக்கடியிலும், 1899ல் மூத்த ஓவியர் செசானின் சிறு ஓவியம் ஒன்றை மத்தீஸ் வாங்கினார். குளிக்கும் மூன்று பெண்களைக் காட்டும் படம் அது. மனம் தளரும்போதெல்லாம் அதைப் பார்த்தே தேறினார். முப்பத்தேழு ஆண்டுகள் தம்முடன் வைத்திருந்து, 1936ல் பாரிஸ் அரும்பொருளகம் ஒன்றுக்கு நன்கொடையாகக் கொடுத்தார்.

1902ல் இன்னொரு அடி விழுந்தது. அமெலியின் பெற்றோர் வேலை பார்த்த செல்வக் குடும்பம், நாட்டையே உலுக்கிய பெரும் மோசடியில் சிக்கியது. எதுவும் அறியாத மாமனார் கைதானார். மத்தீஸின் ஓவியக்கூடமும் சோதனையிடப்பட்டது. குடும்பப் பாரம் அவர் தலையில் விழுந்தது. உடலும் மனமும் களைத்துப்போய், தூக்கத்தை இழந்து, சொந்த ஊருக்கே திரும்பினார். தூக்கமின்மையும் பதற்றமும் அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை.

1905ல் பாரிஸ் கண்காட்சி ஒன்றில் அவரும் நண்பர்களும் வைத்த படங்களைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். தொப்பி அணிந்த தம் மனைவியின் முகத்தில் மத்தீஸ் பச்சையும் ஊதாவும் தீட்டியிருந்தார். காட்டு விலங்குகள் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால் ஒரு விமர்சகர் அவர்களைக் குறிப்பிட்டார். கேலியாக வந்த அந்தப் பெயரே ஓர் ஓவிய இயக்கத்தின் பெயராக நிலைத்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து அவர் வரைந்த ‘நடனம்’ ஓவியத்தைப் புத்தகத்தில் பார்த்தபோது கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்பவில்லை. நீல வானம், பச்சைத் தரை, கைகோத்துச் சுற்றி ஆடும் ஐந்து சிவந்த உருவங்கள். ஆட முடியாத நாள்களில் அதைப் பார்ப்பது வேதனையாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

களைத்த மனத்துக்கு ஓய்வு தரும் கலையையே தாம் விரும்புவதாக மத்தீஸ் 1908ல் ஒரு கட்டுரையில் எழுதினார். அதை எழுதியவர் இரவில் தூங்க முடியாத மனிதர். தம்மிடம் இல்லாத அமைதியை அவர் ஒவ்வொரு நாளும் கையால் செய்துகொண்டிருந்தார் என்றே எனக்குத் தோன்றியது.

தூரிகை போனது, கத்தரிக்கோல் வந்தது

1941 ஜனவரியில், 71 வயதில், குடல் புற்றுநோய்க்காக லியோன் நகரில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் வந்த சிக்கல்களால் மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்டார். உயிர் பிழைத்தாலும் வயிற்றுத் தசைகள் பலவீனமடைந்துவிட்டன. நீண்ட நேரம் நிற்க முடியவில்லை. கட்டிலும் சக்கர நாற்காலியுமே இடமாயின. பெரிய திரைச்சீலை முன் நின்று வரைந்தவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

அவர் செய்தது எளிமையான காரியம். உதவியாளர்கள் வெள்ளைத் தாள்களில் வண்ணம் பூசிக் காயவைத்தார்கள். மத்தீஸ் கத்தரிக்கோலை எடுத்து, கோடு எதுவும் வரையாமல், நேராக வண்ணத்துக்குள் வெட்டினார். இலை, பறவை, கடற்பாசி, மனித உடல் என்று வடிவங்கள் பிறந்தன. அவற்றை உதவியாளர்கள் சுவரில் குண்டூசியால் குத்தினார்கள். இன்னும் மேலே, கொஞ்சம் இடப்பக்கம் என்று அவர் நாற்காலியிலிருந்து சொல்லச் சொல்ல மாற்றி மாற்றி வைத்தார்கள்.

காகிதம் வெட்டுவது அவருக்குப் புதிதல்ல. 1930களில் அமெரிக்காவிலுள்ள பார்ன்ஸ் அறநிறுவனத்துக்காகப் பெரிய சுவரோவியம் ஒன்றைத் தீட்டியபோது, உருவங்களை இடம் மாற்றிப் பார்க்க வண்ணக் காகிதத்தைப் பயன்படுத்தியிருந்தார். அதுவும் நடனம் பற்றிய ஓவியமே. அன்று வெறும் துணைக்கருவியாக இருந்தது, தூரிகை கைவிட்டபோது முழுக் கலையாக வளர்ந்தது.

அந்த ஆண்டுகள் வெளியேயும் இருண்டவை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1944ல், அப்போது அவரைப் பிரிந்து வாழ்ந்த அமெலியும் மகள் மார்கரீத்தும் ஜெர்மானிய எதிர்ப்பு இயக்கத்துக்கு உதவியதற்காகக் கைதானார்கள். அமெலி சிறையில் அடைக்கப்பட்டார். மார்கரீத் சித்திரவதை செய்யப்பட்டு, வதைமுகாமுக்குக் கொண்டு செல்லப்படும் வழியில் உயிர்தப்பினார். மத்தீஸால் எதுவும் செய்ய முடியவில்லை, காத்திருப்பதைத் தவிர.

அதே காலத்தில் அவர் வெட்டிய காகிதங்கள்தான் ‘ஜாஸ்’ என்ற நூலாக 1947ல் வந்தன. அதிலுள்ள 20 படங்களில் ஒன்றில், நீல வானில் ஒரு கறுப்பு உருவம் விழுந்துகொண்டிருக்கிறது. சுற்றிலும் மஞ்சள் நட்சத்திரங்கள். நெஞ்சில் சிறிய சிவப்புப் புள்ளி. சர்க்கஸ் வண்ணங்களுக்கு நடுவே அந்தப் பயமும் இருக்கிறது. அவர் துயரத்தை மறைக்கவில்லை. அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்.

நோயுற்றிருந்தபோது தம்மைக் கவனித்துக்கொண்ட இளம் தாதி, பின்னர் கன்னிகாஸ்திரி ஆனார். அந்த நட்பின் வழியாக, வான்ஸ் என்ற ஊரில் ஒரு சிற்றாலயத்தை வடிவமைக்கும் பணி அவரிடம் வந்தது. 1948 முதல் 1951 வரை அதில் உழைத்தார். வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைக் காகிதத்தில் வெட்டி வடிவமைத்தார். சுவர் ஓவியங்களை நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டி வரைந்து பார்த்தார்.

1952ல் ஒரு கோடை நாளில், நீச்சல் வீரர்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் கான் நகரின் நீச்சல்குளத்துக்குப் போனார். வெயில் தாங்கவில்லை. வீடு திரும்பியவர், தமக்கான குளத்தைத் தாமே செய்துகொள்ள முடிவெடுத்தார். சாப்பாட்டு அறைச் சுவரைச் சுற்றி வெள்ளைக் காகிதப் பட்டையை ஒட்டச் செய்து, நீலக் காகிதத்தில் பாயும், நீந்தும் உருவங்களை வெட்டி அதில் பொருத்தினார். அந்தக் குளம் இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அரும்பொருளகத்தில் இருக்கிறது.

1954ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி, 84 வயதில், நீஸ் நகரில் மத்தீஸ் காலமானார். அறுவை சிகிச்சைக்குப் பின் கிடைத்த ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகளை அவர் இரண்டாவது வாழ்க்கையாகவே எண்ணினார்.

என் மேசையில் இருந்த கத்தரிக்கோல்

புத்தகத்தை மூடியபின் தம்பியின் அலமாரியைத் துழாவினேன். தீபாவளி அலங்காரத்துக்கு வாங்கி மிஞ்சிய வண்ணக் காகிதங்கள் இருந்தன. பரதத்தில் கர்த்தரிமுகம் என்று ஒரு முத்திரை உண்டு. கத்தரிக்கோலின் வடிவம் அது. பன்னிரண்டு ஆண்டுகளாக அதைப் பிடித்த விரல்களால் உண்மையான கத்தரிக்கோலை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லை. நான் முதலில் வெட்டிய கை, வாத்து மாதிரி இருந்தது. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். பல வாரங்களுக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

அதன்பின் தினமும் அரை மணி நேரம் வெட்டினேன். முத்திரைகள், சலங்கை, அரைமண்டியில் நிற்கும் உருவம். வெட்டும்போது முழங்காலைப் பற்றிய நினைவு சற்று விலகி நிற்கும். முடித்ததும் திரும்பி வரும். ஆனாலும் அந்த அரை மணி நேரம் என்னுடையதாக இருந்தது.

இதற்கு ஓரளவு அறிவியல் ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகம் 2016ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 39 பேர் 45 நிமிடங்கள் களிமண், வண்ணப் பேனா, காகிதம் கொண்டு விரும்பியதைச் செய்தார்கள். அவர்களில் நால்வரில் மூவருக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் என்ற சுரப்புநீரின் அளவு குறைந்தது. முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் வாத்துபோல் கை வெட்டிய எனக்கு அது நல்ல செய்தி.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். காகிதம் என்னைக் குணப்படுத்தவில்லை. மத்தீஸைக் காப்பாற்றியவர்கள் மருத்துவர்களும் தாதியரும்தான். அவர் வெட்டியதைச் சுவரில் பொருத்த உதவியாளர்கள் இருந்தார்கள். எனக்கும் இயன்முறை மருத்துவர் இருந்தார். தூக்கமின்மை தொடர்ந்தபோது பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் போனேன். நானாக வாய் திறந்து பேச முடியாத முதல் சந்திப்பில், பையில் வைத்திருந்த காகித உருவங்களைத்தான் அவரிடம் காட்டினேன். பேச்சு அங்கிருந்து தொடங்கியது.

தேர்வு, வேலைப்பயிற்சி, குடும்பம் என்று நம்மில் பலருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் பிடித்திருந்தது கைவிட்டுப் போகிறது. போனதையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, மத்தீஸ் ஒரு கேள்வியைக் கற்றுத்தந்தார். இப்போது என் கையால் எதைச் செய்ய முடியும்? அவரால் நிற்க முடியவில்லை, வெட்ட முடிந்தது. வெட்டினார்.

அடுத்த மாதம் என் முழங்காலை மீண்டும் பரிசோதிக்கிறார்கள். ஆடலாம் என்று சொல்வார்களா என்பது தெரியாது. போன வாரம் நடனக் குழுவின் வாட்ஸ்அப்பைத் திறந்தேன். அடுத்த நிகழ்ச்சியின் மேடை அலங்காரத்துக்கு ஆள் தேவை என்றிருந்தது. நான் வருகிறேன் என்று பதில் போட்டேன். கத்தரிக்கோலை நானே கொண்டு வருவதாகவும் எழுதினேன்.