துணிக்கடைச் சிறுவன் தொடங்கிய தோழமை

நீரிழிவு என்ற சொல் எழுந்தாலே நம் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடுகிறது. சம்பந்தம் பேசும் இடத்தில் அதை மறைக்கிறோம். மருந்து உண்டு, மருத்துவர் உண்டு, மனம்விட்டுப் பேசத்தான் ஆள் இல்லை. தாமே நோயாளியாக இருந்து இக்குறையை உணர்ந்து, நோயாளர்களை ஒன்று சேர்த்த ஒருவரின் வாழ்க்கையை நம் மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர்தாம் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ்.

வெல்ஸ் 1866-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் இலண்டனை அடுத்த பிராம்லியில் பிறந்தார். தந்தை சிறிய கடைக்காரர். 1874-இல் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது புத்தகங்களே அவருக்குத் துணையாயின. குடும்பம் நொடித்தது, பதினான்கு வயதில் சவுத்சீ என்ற ஊரில் ஒரு துணிக்கடையில் வேலை பழக விடப்பட்டார். நாள்தோறும் பதின்மூன்று மணி நேர உழைப்பு! நம் சாலைக் கடைத்தெருவில், கிழக்கே கோட்டைக்கும் கிள்ளிப்பாலத்துக்கும் இடையே, காலை முதல் இரவு வரை நின்றபடியே துணி விரித்துக் காட்டும் இளைஞர்களைக் காணும்போதெல்லாம் அந்தச் சிறுவனை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அவர் கடையைவிட்டு வெளியேறினார். பள்ளியில் உதவி ஆசிரியரானார். 1884-இல் உதவித்தொகை பெற்று, இலண்டன் அறிவியல் கல்லூரியில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். அங்கே மாணவர் இதழ் ஒன்றைத் தொடங்குவதில் முன்னின்றார். அவ்விதழில் 1888-இல் அவர் எழுதிய கதையே வளர்ந்து, 1895-இல் 'கால இயந்திரம்' என்ற புகழ்பெற்ற நவீனமாயிற்று. மாணவர் இதழ்தானே என்று எள்ளுவோர் இதை எண்ணிப் பார்க்க!

புகழின் உச்சியில், அறுபது வயதைக் கடந்தபின், நீரிழிவு அவரைப் பற்றியது. 1921-இல் டொரண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் கண்ட இன்சுலின், அதற்குள் எத்தனையோ உயிர்களைக் காத்திருந்தது. அப்படிக் காக்கப்பட்டவர்களுள் ஒருவர் வெல்ஸின் மருத்துவர் ஆர். டி. லாரன்ஸ். நீரிழிவால் இனிப் பிழைப்பதரிது என்று இத்தாலிக்குச் சென்றிருந்த லாரன்ஸ், 1923-இல் இன்சுலின் கிடைத்த செய்தியறிந்து இலண்டன் திரும்பி மீண்டவர்.

நோயாளியான மருத்துவரும் நோயாளியான எழுத்தாளரும் கைகோத்தனர். 1934-இல் நீரிழிவாளர் சங்கம் பிறந்தது. வெல்ஸ் அதன் தலைவரானார். செல்வரும் வறியரும் ஒருவர்க்கொருவர் உதவுவதும், நோயைப் பற்றிய அறிவைப் பரப்புவதும் அதன் நோக்கங்கள். பிரிட்டனில் அனைவர்க்கும் பொது மருத்துவம் வந்தது 1948-இல்தான். அதற்குமுன் ஏழைக்கு இன்சுலின் வாங்குவதே பெரும்பாடு. மருத்துவர் காண்பது சில நிமிடம். மற்றப் பொழுதெல்லாம் உணவோடும் ஊசியோடும் போராடுபவன் நோயாளியே. அவனுக்கு வழி சொல்ல, அவ்வழியில் முன்பே நடந்தவனைக் காட்டிலும் ஏற்றவன் யார்?

உலகம் முழுவதும் ஒரே அரசு அமைய வேண்டும் என்று வெல்ஸ் கனவு கண்டார். அக்கனவு பலிக்கவில்லை. 1946 ஆகஸ்டு 13-ஆம் நாள் அவர் மறைந்தார். ஆனால் அவர் தொடங்கிய சங்கமோ 'டயாபட்டீஸ் யு.கே.' என்ற பெயரில் இன்றும் வாழ்கிறது. பெரிய கனவைவிடச் சிறிய கூட்டம் நீடித்தது என்பதே அவர் வாழ்வில் நான் கண்ட பாடம்.

அந்த வித்து நம் மாவட்டத்திலும் முளைத்திருக்கிறது. 2013-இல் நெய்யாற்றின்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், நீரிழிவு வரக்கூடிய நிலையிலிருந்த 1,007 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப் பகுதிகளில், பயிற்சி பெற்ற உள்ளூர் மக்களே தலைமையேற்று ஓராண்டு குழுக்களை நடத்தினர். 2018-இல் முடிவு வெளிவந்தது. நோய் வருவது குறைந்ததென்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஆயினும் காய்கனி உண்பது கூடியது, குடி குறைந்தது. தோழமை மருந்தாகாது, மருந்துக்கும் நல்வழக்கத்துக்கும் துணையாகும்.

நண்பர்களே! சாலையில் நம் தமிழ் வணிகர் பலர் நாள் முழுதும் கல்லாவின் பின்னே அமர்ந்திருக்கின்றனர். நோயிருந்தும் வெளியில் சொல்லாதவர் அவர்களிடையேயும் இருக்கக்கூடும். வாரம் ஒரு மாலை அவர்களை ஒன்றுகூட்ட நம் சங்கத்தால் முடியாதா? நாற்காலி பத்து, பேசத் தொடங்கும் துணிவுள்ளவர் ஒருவர்; தொடக்கத்துக்கு இவை போதும்.