பிணவறைக் கதவைத் தட்டிய விமானி

எனக்கு இந்த வருஷம்தான் கண்ணாடி போட்டாங்க. மறுநாளே ‘சோடாப்புட்டி’ன்னு பேரு வந்துட்டுது. அதனாலதான் இந்திரலால் ராயைப் பற்றி எழுதுகிறேன்.

1898-ல் கல்கத்தாவில் பிறந்து லண்டனில் படித்தவர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் சேரப் போனார். பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நானா இருந்தா அழுதுட்டே வீட்டுக்கு வந்திருப்பேன். அவரோ தன் மோட்டார் சைக்கிளை விற்று, பெரிய கண் டாக்டரிடம் காட்டி, 1917-ல் சேர்ந்தேவிட்டார்.

அந்த டிசம்பரில் பிரான்சில் அவர் விமானம் விழுந்தது. செத்துட்டார்னு நினைச்சுப் பிணவறையில் போட்டுட்டாங்க. நினைவு வந்ததும் உள்ளேயிருந்து கதவைத் தட்டினாராம்! வெளியே நின்றவர் என்ன பாடுபட்டிருப்பார்?

குணமாகி மறுபடி பறந்தார். 1918 ஜூலையில், இங்கே குற்றாலத்தில் சாரல் அடிக்கிற அதே மாதம், 13 நாளில் 10 வெற்றி. ஜூலை 22 அன்று கார்வின் ஊருக்கு மேலே நடந்த சண்டையில் விமானம் தீப்பிடித்து விழுந்து இறந்தார். வயது 19 தான். இறந்த பிறகு டி.எஃப்.சி. பதக்கம் கொடுத்தார்கள். அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்.

நம்மை அடிமையா வச்சிருந்தவங்களுக்காக ஏன் பறந்தார்னு அக்கா கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.

1998-ல் நம் தபால் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அதைப் பார்த்துத்தான் மேலே உள்ள படம் வரைந்தேன். மூக்கு சரியா வரலை.