ஜெஃப்ரி பாவா

ஜெஃப்ரி பாவா (ஜூலை 23, 1919 – மே 27, 2003) இலங்கையைச் சேர்ந்த புகழ்பெற்ற கட்டிடக்கலைஞர் ஆவார். வெப்பமண்டல நாடுகளின் தற்காலக் கட்டிடக்கலையில் பெரும் செல்வாக்குச் செலுத்தியவர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். இலங்கை நாடாளுமன்றக் கட்டிடம், கண்டலம உணவு விடுதி முதலிய பெரிய கட்டிடங்களால் இவர் பெயர் பரவலாக அறியப்பட்டது. எனினும், பழைய வீடுகளை வாங்கி அவற்றைச் சிறிது சிறிதாக மாற்றி அமைத்த பணியே இவரது முறையை அறிந்துகொள்ளச் சிறந்த வழியாகும்.

இளமைக் காலம்

பாவா கொழும்பில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் பாவா முஸ்லிம், ஆங்கிலேய மரபுகளில் வந்த செல்வாக்குள்ள வழக்கறிஞர். தாய் பெர்த்தா, பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர். பாவா சிறுவனாக இருந்தபோதே, 1923 இல், தந்தை இறந்துவிட்டார். கொழும்பு றோயல் கல்லூரியில் பயின்ற பாவா, 1938 இல் கேம்பிரிட்ஜ் சென்று ஆங்கில இலக்கியம் படித்தார். பின்னர் இலண்டனில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். போருக்குப் பின் நாடு திரும்பிக் கொழும்பில் சில காலம் தொழில் செய்தார். அத்தொழிலில் அவருக்கு நாட்டம் இருக்கவில்லை. 1946 இல் தாயும் இறந்தபின், தொழிலைக் கைவிட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உலகம் சுற்றினார். இத்தாலியில் ஒரு மாளிகையை வாங்கி அங்கேயே தங்கிவிடவும் எண்ணியிருந்தார். அது கைகூடவில்லை.

லுணுகங்கை

1948 இல் நாடு திரும்பிய பாவா, பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ ஏரிக்கரையில் லுணுகங்கை என்னும் கைவிடப்பட்ட இறப்பர்த் தோட்டத்தை வாங்கினார். இத்தாலியில் கிடைக்காத தோட்டத்தை இங்கே உருவாக்குவதே அவர் நோக்கம். தோட்டத்திலிருந்த பழைய வீட்டை இடிக்காமல் அதன் வாயிலைத் திசை மாற்றினார். ஏரியும் தொலைவிலுள்ள பௌத்த தாதுகோபமும் பார்வையில் படும்படி குன்றின் உச்சியைத் தாழ்த்தினார். அந்தப் பார்வைக் கோட்டில், கண்ணை நிறுத்துவதற்காக ஒரு பெரிய சாடியை வைத்தார். இந்த வேலை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்தது.

கற்பனை இருந்த அளவுக்குத் தொழில்நுட்ப அறிவு தம்மிடம் இல்லை என்பதை இத்தோட்டமே அவருக்கு உணர்த்தியது. எனவே கொழும்பிலிருந்த எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் நிறுவனத்தில் எச். எச். ரீட் என்பவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1952 இல் ரீட் இறந்ததும், இலண்டனிலுள்ள கட்டிடக்கலைச் சங்கப் பள்ளியில் மாணவரானார். 1957 இல் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. அதன்பின் கொழும்பு திரும்பி, ரீட் விட்டுச்சென்ற நிறுவனத்தை ஏற்று நடத்தினார். டென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னர் 1960களில் இவருடன் இணைந்து பணியாற்றினார். அவர் சென்றபின் தமிழரான பொறியாளர் கே. பூலோகசுந்தரம் பங்காளராகி, இருபது ஆண்டுகளுக்கு மேல் நிறுவனத்தின் பொறியியல், நிர்வாகப் பொறுப்புகளைச் சுமந்தார். பாவாவைப் பற்றிய கட்டுரைகள் பலவற்றில் இவர் பெயர் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. ஆனால் நாடாளுமன்றம் போன்ற பெரும் பணிகள் இத்தகைய துணையின்றி நிறைவேறியிருக்க இயலாது.

33 ஆம் ஒழுங்கை வீடு

கொழும்பில் பகத்தலை வீதியை ஒட்டிய 33 ஆம் ஒழுங்கையின் முடிவில் நான்கு சிறிய வீடுகள் வரிசையாக இருந்தன. 1958 இல் இவற்றுள் மூன்றாவதை பாவா தமது நகர இருப்பிடமாக்கினார். முதலில் அதில் ஒரு கூடமும் படுக்கையறையும் சிறு சமையலறையும் பணியாளருக்கான அறையும் மட்டுமே இருந்தன. நான்காவது வீடு காலியானபோது அதைச் சேர்த்து உணவறையும் இன்னொரு கூடமும் அமைத்தார். சுமார் பத்து ஆண்டுகளுக்குப் பின் எஞ்சிய இரண்டும் கிடைத்தன. வரிசையில் முதலாவதை மட்டும் இடித்து, அவ்விடத்தில் நான்கு தளங்கள் கொண்ட பகுதியைக் கட்டினார்.

வீடுகளைத் தனித்தனியாகப் பிரித்த எல்லைகள் மறைந்து, அவை அறைகளும் நடைவழிகளும் சிறு முற்றங்களும் பின்னிய ஒரே வீடாயின. நெரிசலான நகர மனை என்பதால் வெளிப்புறச் சன்னல்களுக்கு வாய்ப்பு குறைவு. வெளிச்சமும் காற்றும் மேலிருந்தே வரவேண்டியிருந்தது. திறந்த முற்றங்களில் விழும் வெயில் வெள்ளைச் சுவரிலும் வெண்ணிறத் தரையிலும் பட்டுத் தெறித்து உள்ளறைகளை எட்டுகிறது. சூடான காற்று அதே வழியாக மேலேறி வெளியேறுகிறது. நம் ஊர்ப் பழைய முற்றத்து வீடுகள் இயங்குவதும் இவ்வாறே.

இவ்வீட்டின் உள்ளலங்காரம் எந்த ஒரு காலத்துக்கும் உரியதன்று. பழைய மரக்கதவுகளும் செட்டிநாட்டுத் தூண்களும், ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்ட் வண்ணம் தீட்டிய கதவும், ஈரோ சாரினென் வடிவமைத்த ஒற்றைக்கால் இருக்கைகளும் அருகருகே உள்ளன. பின்னணி முழுதும் வெள்ளையாக இருப்பதால் இவை ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஈனா டி சில்வாவின் பத்திக் துணிகள், பார்பரா சன்சோனியின் கைத்தறிகள், லக்கி சேனநாயக்கவின் ஓவியங்கள், சிற்பங்கள் ஆகியவையும் பாவாவின் கட்டிடங்களில் தொடர்ந்து இடம்பெற்றன. ஆகவே அவர் பெயரில் வழங்கும் அழகில் இக்கலைஞர்களுக்கும் பங்குண்டு. செட்டிநாட்டில் வீடுகள் இடிபட்டதால்தான் அத்தூண்கள் விலைக்கு வந்தன என்பதையும் இங்கே மறக்கலாகாது.

பிற வீடுகளும் கட்டுமுறையும்

1962 இல் நிறைவுற்ற ஈனா டி சில்வா வீடு, நகரத்தின் சிறு மனையில் நடு முற்றத்தைச் சுற்றி அமைந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கையில் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்ட காலம் அது. கண்ணாடியும் எஃகும் அரிதாயின. மரம், கருங்கல், செங்கல், ஓடு ஆகியவற்றை பாவா நாடியதற்குச் சுவை மட்டுமல்லாது இந்நெருக்கடியும் காரணமாகும். நெளிவுடைய அஸ்பெஸ்டாஸ் சிமெண்டுத் தகடுகளின் மேல் அரைவட்ட நாட்டு ஓடுகளைப் பதிக்கும் முறையை இவரது நிறுவனம் பயன்படுத்தியது. தகடு மழையைத் தடுக்கும். ஓடு வெப்பத்தைக் குறைத்துப் பழைய தோற்றத்தையும் தரும். அஸ்பெஸ்டாசின் தீமை பின்னாளில்தான் பரவலாக உணரப்பட்டது.

1970களில் பாவா தமிழ்நாட்டிலும் பணியாற்றினார். சென்னை கன்னிமாரா விடுதியை மறுவடிவமைத்தார். மதுரையில் ஒரு மன்றக் கட்டிடத்தையும் அமைத்தார்.

நாடாளுமன்றமும் விமரிசனங்களும்

1979 இல் ஜே. ஆர். ஜெயவர்தனா அரசு கோட்டையில் புதிய நாடாளுமன்றத்தை அமைக்கும் பணியை பாவாவிடம் ஒப்படைத்தது. ஏரி நடுவே செப்புக் கூரைகளுடன் எழுந்த இக்கட்டிடம் 1982 ஏப்ரல் 29 அன்று திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே இனக்கலவரம் வெடித்து, உள்நாட்டுப் போர் தொடங்கியது. இதன் வடிவம் சிங்கள மரபையே முதன்மைப்படுத்துகிறது என்றும், பிற இனத்தவர் அதில் தம்மைக் காண்பது அரிது என்றும் லாரன்ஸ் வேல் போன்ற ஆய்வாளர்கள் விமரிசித்தனர். பாவாவோ தீவின் கடந்தகாலம் முழுவதையும் தம் மரபாகக் கொண்டவர். எந்த அடையாளச் சொல்லையும் தம் பணிக்குச் சூட்ட விரும்பாதவர். இவ்விரு நிலைகளும் ஒரே கட்டிடத்தைப் பற்றியவை என்பதால் விவாதம் முடிவடையவில்லை. செல்வந்தர்களின் வீடுகளும் விடுதிகளுமே இவரது பணியில் மிகுதி என்ற குறையும் சொல்லப்படுவதுண்டு. அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் மாத்தறையிலுள்ள ருகுணு பல்கலைக்கழக வளாகம் குறிப்பிடத்தக்க விதிவிலக்காகும்.

இறுதிக் காலம்

1998 இல் பக்கவாதத்தால் தாக்குண்ட பாவா, பேசவும் நடமாடவும் இயலாதவரானார். 2001 இல் ஆகா கான் கட்டிடக்கலை விருதுக் குழு இவருக்குத் தலைவரின் சிறப்பு விருதை வழங்கியது. 2003 மே 27 இல் இறந்த இவரது உடல் லுணுகங்கையில் எரியூட்டப்பட்டது. லுணுகங்கையும் 33 ஆம் ஒழுங்கை வீடும் பாவா அறக்கட்டளையின் பொறுப்பில் பார்வையாளருக்குத் திறந்துள்ளன. கொழும்பு அல்பிரட் ஹவுஸ் வீதியிலிருந்த அவரது பழைய அலுவலகம் 1998 முதல் உணவகமாகவும் கலைக்கூடமாகவும் இயங்குகிறது. ஈனா டி சில்வா வீட்டின் மனை விற்கப்பட்டபோது, வீட்டின் கற்களும் மரங்களும் ஓடுகளும் எண்ணிடப்பட்டுப் பிரித்தெடுக்கப்பட்டன. அவ்வீடு 2016 இல் லுணுகங்கையில் மீண்டும் எழுந்தது.