அலுவலக நேரம் போக உருவான விஞ்ஞானி

1907-ஆம் ஆண்டின் நடுவில் ஒரு தமிழ் இளைஞர் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். வயது பதினெட்டு. இந்திய அரசாங்கத்தின் நிதி இலாகாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல் உத்தியோகம். அவ்வாண்டுதான் மணந்த மனைவி லோகசுந்தரியும் உடன் வந்தார். ஊர் புதிது, பாஷை புதிது, வேலையும் புதிது. அந்த இளைஞர்தான் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன்.

அவர் மனம் நாடியது அந்த உத்தியோகத்தை அல்ல. திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-ஆம் தேதி பிறந்த ராமன், கல்லூரி ஆசிரியரான தந்தையோடு விசாகப்பட்டினத்தில் வளர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் படித்து பி.ஏ., எம்.ஏ. இரண்டிலும் சிறப்பாகத் தேறினார். மாணவராக இருந்தபோதே, 1906-ல், ஒளியைப் பற்றிய அவருடைய கட்டுரை லண்டன் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்துவிட்டது. மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லும் யோசனையும் எழுந்தது. ஆனால் உடலைப் பரிசோதித்த டாக்டர், அந்நாட்டுக் குளிரை இந்த மெலிந்த தேகம் தாங்காது என்று கூறிவிட்டார்.

விஞ்ஞானத்தை நம்பிப் பிழைக்க அன்று இந்தியர்களுக்கு வழி மிகக் குறைவு. ஆகவே ராமன் நிதி இலாகாப் பரீட்சை எழுதினார், முதலிடம் கிடைத்தது. குடும்பத்துக்கு நிம்மதி. அவருக்கோ, படித்த படிப்பு ஒன்று, பார்க்கும் வேலை வேறொன்று என்ற நிலை.

டிராமில் கண்ட பலகை

அலுவலகம் போய்வரும் டிராமிலிருந்து ஒருநாள் பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டார். இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்று அதில் எழுதியிருந்தது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய சங்கம் அது. கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன. ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. ராமன் உள்ளே போய், ஓய்வு நேரத்தில் அங்கே வேலை செய்ய அனுமதி கேட்டார். நிறுவனரின் மகனும் சங்கத்தின் காரியதரிசியுமான அமிர்தலால் சர்க்கார் மகிழ்ச்சியோடு வரவேற்றார்.

அன்று தொடங்கியது இரட்டை வாழ்க்கை. விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சங்கத்துக்குப் போவார். பத்து மணிக்குச் சற்று முன்பு வீடு திரும்பிக் குளித்து, அவசரமாகச் சாப்பிட்டு அலுவலகம் ஓடுவார். மாலை ஐந்து மணிக்கு அங்கிருந்து நேராக மீண்டும் சங்கம். வீடு வந்து சேர இரவு பத்து மணியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வுக்கூடத்தில்தான் கழியும்.

கற்றுக்கொடுக்க ஆசிரியர் இல்லை. வழிகாட்டப் பேராசிரியர் இல்லை. சங்கத்து ஊழியர் ஆசுதோஷ் தே ஒருவரே துணை. பல்கலைக்கழகப் படிப்பு இல்லாத அந்த மனிதருக்கு ராமன் வேலையைக் கற்றுக்கொடுத்தார். பின்னர் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவர் பெயரையும் தம் பெயரோடு சேர்த்து வெளியிட்டார்.

விலையுயர்ந்த கருவி இல்லை என்பதை ராமன் ஒரு தடையாக எண்ணவில்லை. கையில் இருப்பதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று பார்த்தார். வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம் ஆகியவற்றின் நாதம் அவருக்கு ஆராய்ச்சிப் பொருளாயிற்று. தந்தி எப்படி அதிர்கிறது, மிருதங்கத்தில் சுருதி எப்படிச் சேருகிறது என்பவற்றைப் பௌதிக முறையில் ஆராய்ந்தார்.

மாற்றல் உத்தரவு

அரசாங்க உத்தியோகத்தில் மாற்றல் யாரையும் விடுவதில்லை. 1909-ல் ரங்கூனுக்கும், 1910-ல் நாகபுரிக்கும் ராமன் மாற்றப்பட்டார். பௌபஜார் ஆய்வுக்கூடம் எட்டாத தூரமாயிற்று. ஆனாலும் வேலை நிற்கவில்லை. வீட்டிலேயே கருவிகளை வைத்துச் சோதனை நடத்தினார். தந்தை இறந்தபோது லீவு எடுத்துச் சென்னைக்கு வந்தவர், அந்த நாட்களிலும் பழைய கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்குப் போய்வந்தார். 1911-ல் மீண்டும் கல்கத்தா கிடைத்தது.

இவ்வளவுக்கும் அலுவலக வேலையில் அவர் குறை வைக்கவில்லை. திறமையான அதிகாரி என்றே மேலதிகாரிகள் மதித்தார்கள். அங்கேயே இருந்திருந்தால் இலாகாவின் உச்சப் பதவிக்குப் போயிருக்கலாம்.

சம்பளமா, விஞ்ஞானமா?

அப்போதுதான் சோதனை வந்தது. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானக் கல்லூரியில், தாரக்நாத் பாலித் அளித்த நன்கொடையைக் கொண்டு பௌதிகப் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்பட்டது. அதற்கு ராமனைத் தேர்ந்தெடுத்தார் ஆசுதோஷ் முகர்ஜி. அரசாங்கத்தில் ராமனுக்கு மாதம் சுமார் 1,100 ரூபாய். பேராசிரியருக்கோ 600 ரூபாய்தான். ஓய்வூதியத்தோடு கூடிய நிலையான உத்தியோகத்தை விட்டுப் பாதிச் சம்பளத்துக்குப் போவதா என்று யாரும் தயங்கியிருப்பார்கள்.

இன்னொரு தடையும் இருந்தது. பேராசிரியராக வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்பது நிபந்தனை. ராமன் அதற்கு இணங்கவில்லை. காலையிலும் இரவிலும் பத்தாண்டு செய்த வேலையே அவருக்குப் பயிற்சி. கடைசியில் நிபந்தனை தளர்ந்தது. 1917-ல், இருபத்தெட்டு வயதில், கணக்கு இலாகாவை விட்டு ராமன் பேராசிரியரானார்.

பலமும் பலவீனமும்

அதன் பலனை உலகம் அறியும். 1921-ல் கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. ஒளி சிதறுவதைப் பற்றி மாணவர்களோடு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி, கே.எஸ். கிருஷ்ணனின் துணையோடு அதே பௌபஜார் ஆய்வுக்கூடத்தில், மிகக் குறைந்த செலவிலான கருவிகளைக் கொண்டு, ராமன் விளைவைக் கண்டார். 1930-ல் நோபல் பரிசு வந்தது.

ஆனால் அவரை உயர்த்திய தன்னம்பிக்கையே சில சமயம் அவருக்கு எதிரியுமாயிற்று. தாம் நினைத்ததே சரி என்பார். கோபமும் விரைவில் வரும். 1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டராகச் சென்றவர், சகாக்களோடு ஏற்பட்ட பூசலால் 1937-ல் அப்பதவியை விட நேர்ந்தது. தமக்கு ஆதரவளித்த கல்கத்தாச் சங்கத்தோடும் கசப்பு உண்டாயிற்று. தனியே நின்று கற்றவருக்குப் பலரை அணைத்துப் போகும் கலை கடைசிவரை எளிதாக வரவில்லை.

ஆயினும் வேலையை அவர் விடவில்லை. பெங்களூர்க் கழகத்திலேயே பேராசிரியராக 1948 வரை பணியாற்றினார். பிறகு அதே ஊரில் தமது பெயரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்து, அரசாங்கப் பணத்தை ஏற்காமல் நடத்தினார். 1970 நவம்பர் 21-ஆம் தேதி காலமான அவரது உடல், அந்த நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம் செய்யப்பட்டது.

டிராமில் அன்று எத்தனையோ பேர் அந்தத் தெரு வழியே போனார்கள். பலகையைக் கண்டு இறங்கியவர் அவர். இறங்கியதைவிடப் பெரிது, மறுநாளும் அதற்கு மறுநாளும், பத்தாண்டுக் காலம், அலுவலகம் போக மீந்த நேரத்தையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் கொடுத்ததுதான்.