தொழில்வளம் கண்ட இராமசாமி ராஜா

நுழையும்முன்

மழையை நம்பிய மண்ணில் பிறந்தோர் பலர், பிழைப்புத் தேடி ஊரைவிட்டுச் சென்றனர். சிலர் ஊரிலேயே நின்று பிறருக்கும் பிழைப்பை உருவாக்கினர். பின்னவருள் ஒருவர் பி.ஏ.சி. இராமசாமி ராஜா. நூலும் சிமெண்டும் அவர் கண்ட இரு தொழில்கள். அவற்றுள் சிமெண்ட், கட்டடம் எழுப்பும் முறையையே மாற்றிய பொருளாகும்.

பிறந்த மண்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன. ஆண்டாள் பிறந்த திருவில்லிபுத்தூரில் 11 நிலைகளுடன் 192 அடி உயர்ந்து நிற்கும் கோபுரம், தமிழக அரசின் முத்திரையில் இடம்பெற்றதாகக் கருதப்படும் பெருமைக்குரியது. கருங்கல் அடித்தளத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு நம் முன்னோர் எழுப்பிய கட்டுமானம் அது.

இவ்வட்டாரத்தின் இராஜபாளையத்தில் 1894ஆம் ஆண்டு இராமசாமி ராஜா பிறந்தார். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய பூ.ச. குமாரசாமி ராஜாவும் இவ்வூரினரே. ஒருவர் அரசியலிலும் மற்றவர் தொழில்துறையிலும் ஊரின் பெயரை நிலைநாட்டினர்.

நூற்பாலையின் தோற்றம்

அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் கரிசல் நிலங்களில் பருத்தி நன்கு விளைந்தது. எனினும், பஞ்சாகவே விற்கும் ஊருக்குக் கிடைக்கும் வருவாய் குறைவு. அதனை நூலாக்கும் ஊரே கூலியும் ஆதாயமும் பெறும். இவ்வுண்மையை உணர்ந்த இராமசாமி ராஜா, 1936ஆம் ஆண்டு இராஜபாளையம் மில்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1939ஆம் ஆண்டு, மருத்துவப் பஞ்சும் கட்டுத்துணியும் செய்யும் இராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் தோன்றியது.

ஆலைக் கட்டடம் வீடு போன்றதன்று. நூற்கும் எந்திரங்கள் இடைவிடாது அதிரும்; அவ்வதிர்வைத் தளம் தாங்கவேண்டும். காற்றில் ஈரப்பதம் குறைந்தால் இழை அறும். இழையைக் காணப் போதிய வெளிச்சம் வேண்டும். வெயிலோ உள்ளே விழலாகாது. எந்திர வரிசைகளுக்கு இடையூறாகத் தூண்கள் நெருங்கி நிற்றலும் கூடாது. இத்தேவைகளை நிறைவேற்ற, மரவிட்டமும் ஓடும் வேய்ந்த பழைய முறை போதவில்லை. இரும்பும் சிமெண்டும் இன்றியமையாதன ஆயின.

காரையிலிருந்து கான்கிரீட்டுக்கு

சுண்ணாம்புக் காரை, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து மெல்ல மெல்ல இறுகும். அது முழு வலிமை பெற நெடுங்காலம் ஆகும். சிமெண்ட்டோ நீருடன் வினைபுரிந்து சில நாள்களிலேயே உறுதி பெறும். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டு, கிடைக்கும் கட்டியுடன் சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட் கிடைக்கும். மணலும் சல்லியும் சேர்ந்த கான்கிரீட், அழுத்தத்தைத் தாங்கும். அதனுள் வைக்கும் எஃகுக் கம்பி, இழுவிசையைத் தாங்கும். இவ்விரண்டின் கூட்டே பல மாடி வணிகக் கட்டடங்களைத் தோற்றுவித்தது. 1959ஆம் ஆண்டு சென்னை அண்ணா சாலையில் 177 அடி உயரத்தில் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் அம்மாற்றத்தின் அடையாளம். அதனினும் திருவில்லிபுத்தூர்க் கோபுரம் உயர்ந்தது என்பது நம் பழங்கலைஞரின் திறனுக்குச் சான்று.

துணிவின் விளைவு

சென்னையில் 1904ஆம் ஆண்டிலேயே கடற்சிப்பியிலிருந்து சிமெண்ட் செய்யும் முயற்சி நடந்தது, அது நிலைக்கவில்லை. பின்னர் மதுக்கரை, தால்மியாபுரம், தாழையூத்து ஆகிய இடங்களில் ஆலைகள் எழுந்தன. விடுதலைக்குப்பின் ஐந்தாண்டுத் திட்டங்கள் அணைகளையும் பாலங்களையும் தொழிற்சாலைகளையும் வேண்டின; சிமெண்ட்டின் தேவை பெருகியது.

இந்நிலையில், 1957ஆம் ஆண்டு மெட்ராஸ் சிமெண்ட்ஸ் என்னும் நிறுவனத்தை இராமசாமி ராஜா தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 63. ஈட்டிய பொருளோடு ஓய்வு கொள்ளத்தக்க பருவத்தில், தாம் அதுவரை செய்துவந்த தொழிலோடு தொடர்பில்லாத ஒன்றில் அவர் இறங்கினார். சிமெண்ட் ஆலைக்கு முதலீடு மிகுதி. அன்று விற்பனை விலையை உறுதிசெய்ததோ அரசு. தவறினால் அவர் மட்டுமன்றி, அவரை நம்பிப் பங்கு வாங்கியோரும் இழப்புறுவர். இவற்றை அறிந்தே அவர் துணிந்தார்.

பந்தல்குடிப் பகுதியின் சுண்ணாம்புக்கல் வளத்தைப் பயன்கொள்ளும் வகையில், விருதுநகருக்கு அருகே துலுக்கப்பட்டியில் ஆலை அமைந்தது. தொடக்கத்தில் அதன் உற்பத்தித் திறன் நாளொன்றுக்கு 200 டன். 50 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் அது 4000 மூட்டைகள். மூலப்பொருளை நீருடன் அரைத்துக் கூழாக்கிச் சூளையில் இடும் ஈரமுறை அங்குப் பின்பற்றப்பட்டது. நீரை ஆவியாக்கவே எரிபொருள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆதலால் சிமெண்ட் தொழில் பிற்காலத்தில் உலர்முறைக்கு மாறியது.

அழியாப் புகழ்

தாம் நட்ட மரம் முழுதும் கனிவதைக் காணுமுன்பே, 1962ஆம் ஆண்டு இராமசாமி ராஜா மறைந்தார். அவருடைய மகன் பி.ஆர். இராமசுப்பிரமணிய ராஜா, இளம் வயதிலேயே அப்பெரும் பொறுப்பை ஏற்று வளர்த்தார். ஆலை அமைந்த இடம் இன்று இராமசாமி ராஜா நகர் என வழங்குகிறது. மறைவுக்கு அடுத்த ஆண்டு, 1963இல், அவர் பெயரால் இராஜபாளையத்தில் பல்தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. ஆலைக்கு எந்திரம் போதாது, அதை அறிந்த கைகளும் வேண்டும் என்னும் தெளிவை அக்கல்லூரி காட்டுகிறது.

கட்டுமானத் துறை இன்று மற்றொரு திருப்பத்தில் நிற்கிறது. சிமெண்ட் உற்பத்தி வெளியிடும் கரியமில வாயு புவியை வெப்பமாக்குகிறது. எரிசாம்பல் கலந்த சிமெண்ட், எரிபொருளைக் குறைக்கும் சூளை, வெளிச்சமும் காற்றும் இயல்பாகப் புகும் கட்டடம் ஆகியவற்றை நோக்கி உலகம் நகர்கிறது. காரையில் கோபுரம் எழுப்பிய ஊருக்கு அருகே பிறந்து, தம் காலத்திற்கு வேண்டிய பொருளைத் தம் மண்ணிலேயே உருவாக்கியவர் இராமசாமி ராஜா. வருங்காலத்திற்கு வேண்டிய பொருளை உருவாக்கும் கடமை இன்றைய இளைஞரைச் சார்ந்தது.