விஷப் புகையைத் தேடிப் போன டாக்டர் அம்மையார்

வட சென்னையில் மணலி புதுநகர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதைச் சுற்றித் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969-ம் ஆண்டில் வேலையைத் தொடங்கியது. உரத் தொழிற்சாலையும் ரசாயனத் தொழிற்சாலைகளும் அதன் பக்கத்தில் எழுந்தன.

இத்தகைய ஆலைகளில் "பாதுகாப்புத் தணிக்கை" என்று ஒன்று நடக்கும்.

அது என்ன?

கடையில் பணக் கணக்கைத் தணிக்கை செய்கிறார்கள் அல்லவா? அதுபோல ஆலையில் ஆபத்துக் கணக்கைப் பார்ப்பார்கள். குழாய் துருப்பிடித்து இற்றுப் போயிருக்கிறதா? வால்வு சரியாக மூடுகிறதா? விஷவாயு கசிந்தால் மணி அடிக்குமா? மணி அடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தொழிலாளிக்குத் தெரியுமா? எல்லாவற்றையும் நேரில் பார்த்து எழுதுவார்கள்.

இப்போது இதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால், சட்டமும் இல்லாமல், அதிகாரமும் இல்லாமல், விஷ ஆலைகளின் வாசலில் போய் நின்றவர் ஒரு பெண். அவர் பெயர் ஆலிஸ் ஹாமில்டன்.

நொடித்துப் போன குடும்பம்

ஆலிஸ் 1869-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி அமெரிக்காவில் நியூயார்க் நகரில் பிறந்தார். போர்ட் வேய்ன் என்ற ஊரில் வளர்ந்தார். மூன்று சகோதரிகள், ஒரு தம்பி. அக்காள் எடித், பிற்காலத்தில் கிரேக்கப் புராணக் கதைகளை எழுதிப் புகழ் பெற்றார்.

தந்தை மளிகைச் சாமான் மொத்த வியாபாரத்தில் பங்குதாரர். அந்த வியாபாரம் நொடித்துப் போயிற்று. இனிச் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று பெண்கள் முடிவு செய்தார்கள். ஆலிஸ் டாக்டர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். 1893-ம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

மேல் படிப்புக்காக ஜெர்மனிக்குப் போனார். பெண்கள் வகுப்பில் உட்காருவதே அங்கே அதிசயம். மற்றவர்கள் கண்ணில் படாமல் இருந்து படிக்க வேண்டியிருந்தது. அதையும் பொறுத்துக் கொண்டார்.

ஏழைகளின் நடுவே

1897-ம் ஆண்டில் சிகாகோவில் பெண்கள் மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் வேலை கிடைத்தது. தங்குவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் ஹல் ஹவுஸ். ஏழைகளுக்குத் தொண்டு செய்ய ஜேன் ஆடம்ஸ் அம்மையார் நடத்தி வந்த இல்லம் அது. அவர்தான் 1931-ம் ஆண்டில் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.

வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் அக்கம்பக்கத்தில் வசித்தார்கள். ஆலிஸ் அவர்கள் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தார். அப்பொழுது ஒன்று அவர் கண்ணில் பட்டது. வேலைக்கு வரும்போது திடகாத்திரமாக இருந்த ஆண்கள், சில வருஷங்களில் துரும்பாகிப் போனார்கள். சிலருக்குக் குடலைப் பிடுங்கும் வயிற்றுவலி. சிலருக்கு மணிக்கட்டு செயலிழந்து கை தொங்கிற்று. சிலருக்குப் புத்தியே கலங்கிற்று.

இதற்குக் காரணம் காரீயம்!

முதல் சோதனை

1910-ம் ஆண்டில் இல்லினாய்ஸ் மாகாண அரசாங்கம், தொழிலால் வரும் நோய்களை ஆராய ஏற்பாடு செய்தது. அதற்குத் தலைமை தாங்கினார் ஆலிஸ். மறு ஆண்டு மத்திய அரசாங்கமும் அவரை அழைத்தது.

ஆனால், ஆலைக்குள் நுழைய அவருக்கு உரிமை கிடையாது. முதலாளி கதவைத் திறந்தால்தான் உண்டு. நயமாகப் பேசித்தான் உள்ளே போக வேண்டும்.

உள்ளே போனாலும் உண்மை சுலபத்தில் கிடைக்காது. வேலை போய்விடுமே என்று பயந்து தொழிலாளி நோயை மறைப்பான். தொழிலாளி கையைக் கழுவாமல் சாப்பிடுவதால்தான் நோய் வருகிறது என்று முதலாளி பழி போடுவார்.

ஆலிஸ் என்ன செய்தார்? ஆஸ்பத்திரிகளுக்குப் போய்ப் பதிவேடுகளைப் புரட்டினார். மருந்துக் கடைக்காரர்களை விசாரித்தார். தொழிலாளர் வீடுகளுக்கே போனார். மனைவியும் மக்களும் சொன்னதைக் கேட்டார். எது, எங்கே, எப்படி உடம்புக்குள் போகிறது என்று கண்டுபிடித்தார். முக்கியமான எதிரி அழுக்குக் கை அல்ல; மூச்சோடு உள்ளே போகும் தூசியும் புகையுமே என்று நிரூபித்தார்.

ஏமாற்றிய ஆலை

ஒரு நாள் கை செயலிழந்த போலந்துக்காரத் தொழிலாளி ஒருவரை அவர் கண்டார். குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசும் வேலை அவருக்கு. ஆலிஸ் அந்த ஆலைக்குப் போனார். எனாமல் வேலையை அவருக்குக் காட்டினார்கள். அதில் காரீயமே இல்லை!

வேறொருவராக இருந்தால் திரும்பியிருப்பார். ஆலிஸ் திரும்பவில்லை. தொழிலாளியைத் தனியே தேடிப் போய் விசாரித்தார். அவருக்குக் காட்டியது வெறும் ஒட்டு வேலை. உண்மையான வேலை வேறோர் இடத்தில் நடந்தது. நெருப்பாய்ச் சிவந்த தொட்டியின்மேல் எனாமல் பொடியைத் தூவுவார்கள். அந்தப் பொடி காற்றெல்லாம் பரவும். பொடியைச் சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்கு 20 பங்கு வரை கரையும் காரீயம் இருந்தது.

காட்டுகிற இடத்தை மட்டும் பார்ப்பது தணிக்கை அல்ல. காட்டாத இடத்தையும் பார்க்க வேண்டும். இந்தப் பாடத்தை உலகுக்குத் தந்தவர்களில் அவர் ஒருவர்.

மனம் மாறிய முதலாளி

நேஷனல் லெட் கம்பெனியின் தலைவர்களில் ஒருவர் எட்வர்டு கார்னிஷ். பெயிண்டில் சேர்க்கும் காரீய வெள்ளைப் பொடியைத் தயாரித்த பெரிய கம்பெனி அது. தம் ஆலையில் யாருக்கும் நோய் இல்லை என்று கார்னிஷ் நம்பினார். ஆதாரம் கொண்டு வந்தால் சொன்னபடி செய்வதாக வாக்களித்தார்.

ஆலிஸ் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளிலிருந்து 22 பேரின் விவரங்களைக் கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். கார்னிஷ் வாக்குத் தவறவில்லை. தூசியையும் புகையையும் அடக்க ஏற்பாடு செய்தார். தொழிலாளரைப் பார்க்க டாக்டர்களை நியமித்தார்.

சண்டை போடாமலே சாதித்த வெற்றி அது. 1911-ம் ஆண்டில் இல்லினாய்ஸ் மாகாணம் தொழிலாளர் பாதுகாப்புக்குச் சட்டமும் இயற்றியது.

முதல் உலக யுத்தம் வந்தது. வெடிமருந்து ஆலைகள் ரகசியமாக நடந்தன. வானில் எழும் மஞ்சள் நிறப் புகையை அடையாளமாகக் கொண்டே ஆலிஸ் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்தார்!

ஹார்வர்டில் முதல் பெண்

1919-ம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை ஆசிரியராக்கியது. அங்கே ஆசிரியரான முதல் பெண் அவரே. ஆனால் ஆசிரியர் சங்க மாளிகைக்குள் அவர் போகக் கூடாது. பட்டமளிப்பு ஊர்வலத்திலும் நடக்கக் கூடாது. 1935-ம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை துணைப் பேராசிரியராகவே வைத்திருந்தார்கள்.

அவர் எல்லாப் போரிலும் ஜெயிக்கவில்லை. பெட்ரோலில் காரீயம் கலக்கும் வழக்கம் அப்போது தொடங்கியது. 1925-ம் ஆண்டில் ஆலிஸ் அதை எதிர்த்தார். யாரும் கேட்கவில்லை. இந்தியாவில் 2000-ம் ஆண்டில்தான் அந்தப் பெட்ரோல் ஒழிந்தது. உலகம் முழுவதும் ஒழிய 2021 ஆயிற்று. அவர் சொல் மெய்யாக ஏறக்குறைய நூறு ஆண்டு பிடித்தது.

நம் நாட்டுக் கதை

நாமும் துயரப்பட்டுத்தான் பாடம் கற்றோம். 1984-ம் ஆண்டு டிசம்பரில் போபால் நகரில் விஷவாயு கசிந்தது. தூங்கிக் கொண்டிருந்த மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அதன் பிறகு 1987-ம் ஆண்டில் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. 1989-ம் ஆண்டில் ஆபத்தான ரசாயனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. ஆலையோடு சம்பந்தமில்லாத நிபுணரைக் கொண்டு தணிக்கை செய்யும் முறையும் விதிகளில் இடம் பெற்றது.

ஆனாலும் 2023-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவில், எண்ணூரில் கடலுக்குள் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தணிக்கை என்பது தாளில் கையெழுத்துப் போடுவதோடு முடிவதல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நூற்றொரு வயது

ஆலிஸ் கல்யாணம் செய்து கொள்ளவில்லை. தொழில் விஷங்களைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார். 1943-ம் ஆண்டில் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். கனெக்டிகட் மாகாணத்தில் ஆற்றங்கரை வீடொன்றில் கடைசிக் காலத்தைக் கழித்தார்.

1970-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி தமது 101-வது வயதில் காலமானார்.

மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 29-ந் தேதி, அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று. ஆலையின் கதவைத் திறந்து காட்டும்படி கேட்கும் உரிமை அதிகாரிகளுக்குக் கிடைத்தது. ஆலிஸ் அம்மையார் அந்தக் கதவுகளை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, நயமான பேச்சாலும் நிஜமான ஆதாரத்தாலும் திறந்து விட்டார்.